மருத்துவருக்கு வழிகாட்டும் ஒளிரும் சாயங்கள்

ஒரு கைப்பிடிக் கீரையை அம்மியில் வைத்து நன்றாக நசுக்கிக் கொள்ளுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைச் சிறிது ஊற்றிக் கலக்கி, துணியில் வடிகட்டிக் கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். பச்சை நிறச் சாறு கிடைக்கும். இதை இருட்டறைக்குக் கொண்டு சென்று, கடைகளில் ரூபாய் நோட்டுகளைச் சோதிக்கப் பயன்படுத்துகிறார்களே, அந்த ஊதா விளக்கைப் பக்கவாட்டில் காட்டுங்கள். பச்சைச் சாறு செக்கச் சிவந்து ஒளிர்வதைக் காணலாம். (ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும், அருகில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. ஊதா விளக்கை நேராக உற்றுப் பார்க்கவும் கூடாது.)

இப்போது அதே விளக்கை நசுக்காத ஒரு முழு இலையின் மீது காட்டிப் பாருங்கள். இலையில் இருப்பதும் அதே பச்சையம்தான். ஆனால் அந்தச் சிவப்பொளி அங்கே கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏன்?

இலைக்குள் பச்சையம் தனித்து இருப்பதில்லை. அது வாங்கும் ஒளியாற்றலை உடனே கைமாற்றிக் கொண்டுபோய், மாவுப்பொருள் ஆக்கும் வேலையில் ஈடுபடுத்த ஓர் ஏற்பாடே அங்குக் காத்திருக்கிறது. ஸ்பிரிட்டில் கரைந்து வெளியே வந்துவிட்ட பச்சையத்திடமிருந்து ஆற்றலை வாங்கிக் கொள்ள யாருமில்லை. எனவே பெற்றதில் ஒரு பகுதியை, ஏறக்குறைய நூற்றுக்கு 30 பங்கை, அது ஒளியாகவே திருப்பிக் கொடுத்து விடுகிறது. இலையில் இருக்கும்போது இவ்வாறு திரும்பி வருவது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான்.

மூலக்கூறு ஒன்றே; விழுந்த ஒளியும் ஒன்றே. வாங்கிய ஆற்றல் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதில்தான் வேறுபாடு. இவ்வழியைத் தம் விருப்பப்படி திருப்பி விடக் கரிம வேதியியலார் கற்றுக் கொண்டதன் பயன், இன்று அறுவை மருத்துவரின் மேசைக்கு வந்திருக்கிறது.

மூன்று வாயில்கள்

ஒளி ஒரு சாய மூலக்கூறின் மீது விழும்போது அதிலுள்ள எலெக்ட்ரான் ஒன்று மேல்நிலைக்குத் தாவுகிறது. அங்கே அது நெடுநேரம் தங்க இயலாது. இறங்கி வர அதற்கு மூன்று வாயில்கள் உண்டு.

முதலாவது, ஒளியை உமிழ்ந்து இறங்குவது. இது ஒரு நொடியில் 100 கோடியில் சில பங்கு நேரத்தில் நடந்து முடிந்து விடும். இதையே உடனொளிர்தல் என்கிறோம். வாங்கிய ஆற்றலில் சிறிது வழியிலேயே செலவாகி விடுவதால், வெளிவரும் ஒளி உட்சென்ற ஒளியைவிட நீண்ட அலைநீளம் உடையதாக இருக்கும். ஊதா உள்ளே போய்ச் சிவப்பு வெளியே வந்தது இதனால்தான். 1852இல் இதை விளக்கி, இந்நிகழ்ச்சிக்குப் பெயரும் சூட்டியவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸ்டோக்ஸ்.

இரண்டாவது, மூலக்கூறின் உறுப்புகள் ஆடியும் சுழன்றும் ஆற்றலை வெப்பமாக உதறி விடுவது. பெரும்பாலான பொருள்கள் செய்வது இதைத்தான்.

மூன்றாவது வாயில் சற்று மறைவானது. எலெக்ட்ரானுக்குத் தற்சுழற்சி என்றொரு பண்பு உண்டு. இணையாக இருக்கும் இரண்டு எலெக்ட்ரான்கள் எதிரெதிர்த் திசைகளில் சுழல்வதாகக் கொள்ளலாம். மேலே தாவிய எலெக்ட்ரான் அங்கிருக்கையில் தன் சுழற்சித் திசையை மாற்றிக் கொண்டு விட்டால், பழைய இடத்துக்கு எளிதில் திரும்ப முடியாது. இணை எலெக்ட்ரானும் அதே திசையில் சுழல்வதால் வாயில் அடைபட்டு விடுகிறது. இந்நிலைக்கு மும்மை நிலை என்று பெயர். இதில் சிக்கிய மூலக்கூறு, உடனொளிர்தலுக்கு ஆகும் நேரத்தைப் போல் ஆயிரம் மடங்கு, சில வேளைகளில் பத்து லட்சம் மடங்கு நேரம் ஆற்றலைச் சுமந்து கொண்டு திரிகிறது.

அவ்வாறு திரியும்போது அது யாரைச் சந்திக்கிறது என்பதுதான் முக்கியம். உயிருள்ள திசுவில் எங்கும் ஆக்சிஜன் உண்டு. ஆக்சிஜன் மூலக்கூறோ இயல்பாகவே மும்மை நிலையில் இருக்கும் விந்தையான பொருள். இவ்விரண்டும் மோதும்போது சாயம் தன் சுமையை ஆக்சிஜனிடம் இறக்கி வைத்து விடுகிறது. அதைப் பெற்ற ஆக்சிஜன் "ஒற்றை நிலை ஆக்சிஜன்" ஆகிறது. நாம் மூச்சில் இழுக்கும் சாதுவான ஆக்சிஜன் அல்ல இது. அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் உடனே தாக்கும். நீரில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் மூன்று நான்கு பங்கு நேரமே இதற்கு ஆயுள். ஆதலால் தான் பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் போகாது. ஓர் உயிரணுவுக்குள் பிறந்தால் பெரும்பாலும் அந்த உயிரணுவோடு முடிந்தது அதன் கதை.

முதல் வாயில் காட்டிக் கொடுக்கும்; மூன்றாம் வாயில் கொல்லும். நோயைக் காண வேண்டுமா, அழிக்க வேண்டுமா என்பதைப் பொறுத்து வேதியியலார் வாயிலைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இரண்டு உடன்பிறப்புகள்

1871இல் ஜெர்மானிய வேதியியலார் அடால்ஃப் ஃபான் பேயர் ஃபுளுரசீன் என்னும் சாயத்தை ஆக்கினார். காரம் சேர்ந்த நீரில் கரைத்தால் மஞ்சள் கலந்த பச்சையாகக் கண்ணைப் பறிக்கும். விழுங்கும் ஒளித் துகள்களில் நூற்றுக்கு 90க்கு மேல் ஒளியாகவே திருப்பித் தருகிறது. ஆட்டம் போட இடமில்லாதவாறு அதன் வளையங்கள் ஓர் ஆக்சிஜன் அணுவால் இறுகப் பூட்டப்பட்டிருப்பதே காரணம். ஆகவே வெப்ப வாயில் ஏறக்குறைய மூடியே கிடக்கிறது. 1961இல் அமெரிக்காவின் இந்தியானாவில் மருத்துவ மாணவர்களாயிருந்த நோவோட்னி, ஆல்விஸ் என்னும் இருவர், இதை ஊசி வழியே கை நரம்பில் செலுத்தி விழித்திரையின் இரத்தக் குழாய்களைப் படமெடுத்துக் காட்டினர். சர்க்கரை நோயால் விழித்திரைக் குழாய்கள் கசிகின்றனவா என்று பார்க்க இன்றும் அதே சாயமே பயன்படுகிறது.

இனி இந்த ஃபுளுரசீனிலுள்ள சில ஹைட்ரஜன் அணுக்களை நீக்கிவிட்டு அவ்விடங்களில் நான்கு அயோடின் அணுக்களையும் நான்கு குளோரின் அணுக்களையும் பொருத்துவோம். எலும்புக்கூடு அதுவேதான். பெயர் ரோஸ் பெங்கால், நிறம் இளஞ்சிவப்பு. ஒளிரும் திறமோ பெரும்பாலும் போய் விட்டது. மாறாக, நீரில் அது விழுங்கும் ஒளித் துகள்களில் நூற்றுக்குச் சுமார் 75 ஒற்றை நிலை ஆக்சிஜனை உண்டாக்குகின்றன.

அயோடின் என்ன மாயம் செய்தது? அயோடின் கனமான அணு. அதன் கருவில் 53 புரோட்டான்கள் இருக்கின்றன. இத்தனை மின்னூட்டத்தின் பக்கமாக வரும் எலெக்ட்ரான் மிக வேகமாக ஓட நேரிடுகிறது. அந்த ஓட்டத்தால் எழும் காந்த விளைவு எலெக்ட்ரானின் தற்சுழற்சியைப் புரட்டி விடுகிறது. மும்மை நிலைக்கான கதவு திறந்து கொள்கிறது. ஆக, கன அணுவைச் சேர்த்தால் கொல்லும் சாயம். சேர்க்காமல் விட்டால் காட்டும் சாயம். இத்துறையின் பல நுணுக்கங்கள் இந்த ஒரு பாடத்தின் விரிவுரையே என்று எனக்குத் தோன்றுகிறது. கருவிழியில் பூஞ்சையால் வரும் புண்ணில் ரோஸ் பெங்காலை இட்டுப் பச்சை ஒளி பாய்ச்சும் முறையையும் கண் மருத்துவர்கள் பரிசோதித்திருக்கிறார்கள்.

சாயமும் ஒளியும் சேர்ந்தால் கொல்லும் என்பது முதலில் தற்செயலாகவே தெரிய வந்தது. மியூனிக் நகரில் ஆஸ்கார் ராப் என்னும் மாணவர், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் பரமீசியம் என்னும் நுண்ணுயிர் எவ்வளவு நேரத்தில் மடிகிறது என்று அளந்து கொண்டிருந்தார். ஒரே அளவு சாயம். ஆனால் ஒரு நாள் விரைவில் மடிந்தன, மறுநாள் நெடுநேரம் நீந்தின. என்ன பிழை என்று தேடியபோது, ஒரு நாள் இடியும் மழையுமாக வானம் இருண்டிருந்தது நினைவுக்கு வந்தது. இம்முடிவுகள் 1900இல் வெளியாயின. அவருடைய பேராசிரியர் டாப்பைனர் விரைவில் ஈயோசின் சாயத்தைத் தோல் புற்றுகளின் மீது தடவி ஒளி காட்டிப் பார்த்தார். ஈயோசின் என்பது ஃபுளுரசீனில் நான்கு புரோமின் அணுக்கள் சேர்ந்ததே! கன அணுவின் இரகசியம் தெரியாமலே அவர் சரியான சாயத்தைக் கையிலெடுத்திருந்தார்.

உள்ளங்கையில் ஒரு சோதனை

ஃபுளுரசீன் இவ்வளவு நன்றாக ஒளிருமானால், உடலின் உட்பகுதிப் புற்றுகளைக் காட்ட அதையே பயன்படுத்தலாமே என்று கேட்பீர்கள். வெள்ளை ஒளி தரும் டார்ச் விளக்கை இருட்டில் உள்ளங்கைக்கு அடியில் வைத்து அழுத்திப் பாருங்கள். கை சிவப்பாகத் தெரிகிறது. நீலமும் பச்சையும் எங்கே போயின? இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அவற்றை விழுங்கி விட்டது. நீல ஒளியை விழுங்கிப் பச்சை ஒளியை உமிழும் ஃபுளுரசீன், தசைக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்தாலே கண்ணுக்கு எட்டாமல் போகும்.

அலைநீளத்தை நானோமீட்டரில் அளப்பார்கள். ஒரு மீட்டரில் 100 கோடியில் ஒரு பங்கு அது. சுமார் 650 நானோமீட்டருக்குக் கீழே இரத்தம் தடை செய்கிறது. 950க்கு மேல் நீர் மெல்ல மெல்ல விழுங்கத் தொடங்குகிறது. இடையே உள்ள ஆழ்சிவப்பும் அண்மை அகச்சிவப்பும்தான் திசுவுக்குள் திறந்திருக்கும் சாளரம். சாயம் இந்தச் சாளரத்துக்குள் வேலை செய்ய வேண்டும்.

சாயத்தின் நிறத்தை எவ்வாறு நகர்த்துவது? வீணையை நினைத்துக் கொள்ளுங்கள். அதிர்கின்ற தந்தியின் நீளம் கூடக் கூடச் சுருதி இறங்குகிறது. சயனின் என்னும் சாயக் குடும்பத்தில் இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கிடையே கார்பன் சங்கிலி ஒன்று இருக்கிறது. ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் அச்சங்கிலியில் எலெக்ட்ரான் தங்கு தடையின்றி உலாவுகிறது. உலாவும் இடம் நீண்டால் அலைநீளமும் நீளும். வளையங்களை இணைக்கும் சங்கிலியில் மூன்று கார்பன்கள் இருந்தால் சாயம் விழுங்குவது சுமார் 550 நானோமீட்டர் ஒளியை. ஐந்து கார்பன்கள் ஆனால் 650. ஏழு ஆனால் 750. இரண்டு கார்பனுக்கு நூறு என்று விலைப்பட்டியல் போலவே அமைந்திருக்கிறது!

ஏழு கார்பன் சங்கிலி கொண்ட இந்தோசயனின் பச்சை என்னும் சாயம் புகைப்படச் சுருள் தயாரித்த கோடக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவானது. சிவப்பையும் அகச்சிவப்பையும் படச்சுருள் உணர வேண்டுமானால் அதில் சாயம் கலக்க வேண்டும். அதனால் அந்நிறுவனத்தார் சாயங்களில் தேர்ந்திருந்தார்கள். 1959இல் அமெரிக்காவில் மருத்துவப் பயன்பாட்டுக்கு இது அனுமதி பெற்றது. இரத்தத்தில் கலந்ததும் 800 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை விழுங்கி 830 அளவில் உமிழ்கிறது. கண்ணுக்குப் புலப்படாத இவ்வொளியைத் தனிக் கேமராவால் திரையில் காண்பார்கள். அறுத்துத் தைத்த குடலுக்கு இரத்தம் போகிறதா, பித்தநாளம் எங்கே ஓடுகிறது என்பதெல்லாம் இதனால் தெரிகிறது.

ஆனால் நீண்ட தந்திக்கு ஒரு குறை உண்டு. அது துவளும். துவளும்போது வெப்ப வாயில் திறந்து கொள்கிறது. இந்தோசயனின் பச்சை விழுங்கும் ஒளித் துகள்களில் நூற்றுக்குச் சிலவே திரும்பி வருகின்றன. சங்கிலியின் நடுவே ஒரு வளையத்தைப் பூட்டி விறைப்பாக்குவது இதற்கு ஒரு மாற்று.

எல்லை எங்கே?

இன்னொரு குறை, இந்தச் சாயத்துக்கு முகவரி தெரியாது என்பது. இரத்தம் போகுமிடமெல்லாம் போகும். சில நிமிடங்களில் கல்லீரல் அதை வடித்துப் பித்தத்தில் விட்டு விடும். புற்றுநோய் அறுவையில் மருத்துவருக்கு வேண்டியதோ முகவரிதான். புற்று எங்கே முடிகிறது, நல்ல திசு எங்கே தொடங்குகிறது என்பது வெறுங்கண்ணுக்கு எப்போதும் தெரிவதில்லை. குறைவாக வெட்டினால் மிச்சம் மறுபடி வளரும். கூடுதலாக வெட்டினால், அதுவும் மூளையில், பேச்சோ கைகால் அசைவோ போய் விடலாம்.

மூளைப் புற்றுக்கு ஒரு நல்ல தந்திரம் கையாளப்படுகிறது. நம் உடலின் ஏறக்குறைய ஒவ்வோர் உயிரணுவும் ஹீமோகுளோபினுக்கு வேண்டிய ஹீம் என்னும் வளையத்தையோ அதன் உறவுகளையோ ஆக்கக் கூடியது. அந்தத் தொடர் வேலையின் தொடக்கப் பொருள்களில் ஒன்று அமினோலெவுலினிக் அமிலம். அறுவைக்குச் சில மணி நேரம் முன்பு இதை நீரில் கரைத்து நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். புற்றணுக்களில் வேலை இறுதிப் படிக்கு முன்பே தேங்கி, புரோட்டோபார்பிரின் என்னும் பொருள் குவிகிறது. நீல ஒளியைக் காட்டினால் அது சிவப்பாக ஒளிர்கிறது. கீரைச் சாற்றில் நீங்கள் கண்டதற்கு நெருங்கிய உறவு இந்தச் சிவப்பு; பச்சையத்தைத் தாவரம் ஆக்குவதும் இதே அமிலத்திலிருந்துதான்!

ஜெர்மனியில் நடந்து 2006இல் வெளியான ஆய்வொன்றில், கொடிய மூளைக் கட்டி உள்ளவர்களைச் சாதாரண வெள்ளொளியில் அறுவை செய்தபோது நூற்றுக்கு 36 பேருக்கே படத்தில் தெரிந்த கட்டி முழுமையாக நீங்கியது. இம்முறையில் அது 65 ஆக உயர்ந்தது. ஆறு மாதம் வரை நோய் வளராதிருந்தவர்கள் 21லிருந்து 41 ஆனார்கள். எனினும் மொத்த ஆயுள் நீண்டதாக அவ்வாய்வு நிறுவவில்லை. இந்நோய் அத்தகையது, ஒளியைக் கண்டு மயங்கி இதை மறந்துவிடக் கூடாது.

முகவரியைச் சாயத்திலேயே எழுதி ஒட்டுவது மற்றொரு முறை. சூலகப் புற்றணுக்களில் பெரும்பாலானவை தம் மேற்பரப்பில் ஃபோலிக் அமிலத்தைப் பிடித்திழுக்கும் ஏற்பிகளை மிகுதியாக வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பிலிப் லோ குழுவினர் ஃபோலிக் அமிலத்தைப் போன்ற ஒரு பகுதியைச் சயனின் சாயத்தோடு பிணைத்தனர். பாஃபோலாசயனின் என்னும் இச்சாயம் 2021 நவம்பரில் அங்கு அனுமதி பெற்றது. சோதனையில் 134 பெண்களில் நூற்றுக்கு 27 பேர் அளவில், மருத்துவரின் கண்ணுக்கும் கைக்கும் தப்பிய ஒரு புற்றுத் துணுக்கையாவது இது காட்டிக் கொடுத்தது. புற்றில்லாத இடங்களும் சில ஒளிர்ந்ததுண்டு. ஆகவே சாயம் சொல்வதையெல்லாம் மருத்துவர் அப்படியே நம்பி வெட்டுவதில்லை.

நெரிசலில் அணைவதும் ஒளிர்வதும்

சாயத்தை ஓரிடத்தில் மிகுதியாகக் குவித்தால் ஒளி கூடும் என்றுதானே நினைப்போம்? பெரும்பாலான சாயங்களில் நேர்மாறாக நடக்கிறது. அவற்றின் மூலக்கூறுகள் தட்டையானவை. நெருங்கினால் அப்பளக் கட்டுப் போல ஒன்றன்மேல் ஒன்று அடுங்கி, ஒன்றன் ஆற்றலை மற்றொன்று பறித்து ஒளியை அணைத்து விடும். நீரில் சரியாகக் கரையாத கரிமச் சாயத்தை உடலுக்குள் அனுப்பும்போது இது பெருந்தலைவலி.

2001இல் ஹாங்காங்கில் பென் ஜாங் டாங் என்னும் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு புதுமை நேர்ந்தது. சைலோல் என்னும் வகைச் சேர்மத்தின் கரைசலைத் தகட்டில் புள்ளியாக வைத்து ஊதா ஒளியில் பார்த்தபோது, ஈரமாக இருக்கையில் ஒளிரவில்லை. உலர்ந்ததும் பளிச்சென்று ஒளிர்ந்தது. எல்லாச் சாயங்களும் செய்வதற்கு எதிர்! காரணம் அதன் வடிவம். தட்டையாக இல்லாமல், காற்றாடியின் இறக்கைகள் போலப் பல பென்சீன் வளையங்கள் அதைச் சுற்றிச் சாய்வாகப் பொருந்தியிருந்தன. கரைசலில் அவை தாராளமாகச் சுழன்று ஆற்றலை வெப்பமாக உதறின. நெரிசலில் சுழல இடமில்லை. சாய்ந்த இறக்கைகளால் நெருங்கி அடுங்கவும் முடியவில்லை. எஞ்சியது ஒளி வாயில் ஒன்றே. இத்தகைய இறக்கைகளை ஒட்டிய சாயத் துகள்களைப் பல நாடுகளில் ஆக்கி விலங்குகளில் சோதித்து வருகிறார்கள்.

கொல்லும் சாயத்தின் விலை

1912இல் மேயர்-பெட்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவர், ஹீமட்டோபார்பிரின் 200 மில்லிகிராமைத் தம் உடலிலேயே ஊசி வழியாக ஏற்றிக் கொண்டார். பிறகு வெயிலில் போனார். முகமும் கைகளும் அடையாளம் தெரியாதபடி வீங்கின. இரண்டு மாதங்களுக்கு மேலாகியும் வெயில் அவருக்கு ஆகவில்லை. சாயம் தோலிலும் தங்கி விட்டிருந்தது.

அறுபது ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவின் பஃபலோ நகரில் தாமஸ் டாகர்ட்டி அதே குடும்பச் சாயத்தைத் தூய்மைப்படுத்திப் புற்று மருந்தாக்கினார். 1978இல் 25 நோயாளிகளிடம் கண்ட பயனை அவர் வெளியிட்டார். போட்டோஃபிரின் என்ற பெயரில் 1993இல் கனடாவிலும் 1995இல் அமெரிக்காவிலும் அது அனுமதி பெற்றது. ஊசி போட்டு இரண்டு நாள் கழித்து, உணவுக் குழாய்க்குள் மெல்லிய ஒளியிழையை விட்டு 630 நானோமீட்டர் சிவப்பொளியைப் பாய்ச்சுகிறார்கள். ஒளி விழுந்த இடத்தில் மட்டுமே சாவு. ஆனால் ஒளி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஆழம்தான் பயனுள்ளவாறு செல்லும். பெரிய கட்டிகளுக்கு இது போதாது.

அலைநீளத்தை இன்னும் கூட்டி ஆழமாகச் செல்லலாமே எனில், அங்கேதான் இயற்கை ஒரு கோடு கிழித்திருக்கிறது. அலைநீளம் கூடக் கூட ஒளித் துகளின் ஆற்றல் குறைகிறது. ஆக்சிஜனை ஒற்றை நிலைக்கு உயர்த்தக் குறிப்பிட்ட அளவு ஆற்றல் தேவை. வழிச் செலவும் போகச் சுமார் 850 நானோமீட்டருக்கு அப்பால் அது மிஞ்சுவதில்லை. காட்டும் சாயத்தை 1000 நானோமீட்டருக்கு மேலும் கொண்டு செல்லலாம். ஆக்சிஜனை ஏவிக் கொல்லும் சாயத்தைக் கொண்டு செல்ல முடியாது. இரண்டு வேலையும் செய்யும் ஒரே சாயம் வேண்டுவோர்க்கு வேறொரு கணக்கும் இருக்கிறது. ஒளியாக வெளியேறிய ஒவ்வோர் ஆற்றல் பொட்டலமும் ஆக்சிஜனுக்குக் கிடைக்காமல் போனதே. எவ்வளவு கண்ணுக்கு, எவ்வளவு கைக்கு என்று பங்கிட்டே ஆக வேண்டும்.

மேயர்-பெட்ஸ் பட்ட பாடு இன்னும் முழுதும் தீரவில்லை. போட்டோஃபிரின் பெற்றவர் குறைந்தது 30 நாள் வெயிலிலும் பலத்த விளக்கொளியிலும் படக் கூடாது. விழித்திரை நோய்க்காக 2000இல் வந்த வெர்ட்டிபோர்பின் விரைவாக வெளியேறும்படி அமைந்தது. அதற்கு ஐந்து நாள் காவல் போதும். வீட்டுக்கு அனுப்பும்போது நோயாளியிடம் மருத்துவர் சொல்லும் ஓர் அறிவுரை முதலில் முரணாகத் தோன்றும்: வெயிலில் போகாதீர்கள், ஆனால் இருட்டறையில் அடைந்து கிடக்கவும் வேண்டாம். வீட்டின் மங்கலான வெளிச்சம் தோலில் தங்கிய சாயத்தைச் சிறிது சிறிதாக வெளுக்க வைத்துச் செயலிழக்கச் செய்கிறது. இருட்டிலேயே இருந்தவருக்கு அச்சாயம் அப்படியே காத்திருக்கும்.